துடைக்காத கண்ணாடி

முதலில் எனக்கு அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லிவிடுகிறேன். சென்னியப்பன். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிறவன். எங்கள் வான்நோக்கர் குழுவுக்குத் தலைவன். இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறான்.

என் பெயர் ராக்கியண்ணன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பாறையில் துளை போட்டுப் பிழைத்தவன். பூமிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்த என்னை மேலே பார்க்க வைத்தவனும் சென்னியப்பன்தான். கடை மாடியில் தொலைநோக்கியை வைத்து, "இதுல கண்ண வையி" என்றான். வைத்தேன். வளையத்தோடு சனி நின்றது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. பசியே தெரியவில்லை.

அதற்கு அவனுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். அது தனிக் கணக்கு. இது வேறு.

வானத்தில் கேலக்ஸி என்று சொல்கிறார்களே, கோடி கோடி நட்சத்திரம் ஒன்றாகச் சேர்ந்து சுற்றுவது, அதில் பெரும்பாலானவை ஒழுங்கான உருவத்தோடு இருக்கும். சில மட்டும் கோணலாக இருக்கும். ஒன்று இன்னொன்றின் பக்கமாக உரசிப் போயிருக்கும். போன இடத்தில் நட்சத்திரங்கள் பிய்ந்து, நூல் மாதிரி இழுபட்டு நிற்கும்.

சிம்ம ராசியின் பின்னங்கால் பக்கம் அப்படி ஒன்று உண்டு. பக்கவாட்டில் திரும்பி நிற்பது. யாரோ எந்தக் காலத்திலோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். இதன் ஓரத்திலிருந்து ஒரு வால் இன்னும் நீண்டு கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. நல்ல இருட்டில், கேமராவைச் சில நிமிடம் திறந்து வைத்து ஒரு படம், அப்படி நூற்றுக்கணக்கில் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் புகை மாதிரி தெரியும்.

நான் அதற்கு வால்காரி என்று பெயர் வைத்தேன். எனக்கு ஏன் அது பிடித்துப்போனது என்று என் மனைவி பாவாயியிடம் கேட்டால், "உரசினவன் போனாலும் வால விடாம இழுத்துக்கிட்டுத் திரியறது, உங்களாட்டமே" என்பாள்.

ஒரு பனிக்காலம் முழுக்க வால்காரியைப் படம் எடுத்தேன். எனக்கு அப்போது அடுக்கத் தெரியாது. எல்லாவற்றையும் சென்னியப்பனிடம் கொடுத்தேன். அவன் கம்ப்யூட்டரில் அடுக்கி, வாலை வெளியே கொண்டுவந்தான். அந்த வருடம் சேலத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் குழுவின் கண்காட்சி. போய்ப் பார்த்தால் என் வால்காரி வாசலிலேயே தொங்குகிறாள். கீழே எழுதியிருந்தது:

படம்: சென்னியப்பன். உதவி: நண்பர்கள்.

"இதென்னப்பா?" என்றேன்.

"ஏன், நல்லா இல்லியா?"

"என்ற பேரு எங்க?"

"அடுக்குனது நானு, நிறம் கொண்டாந்தது நானு. நீ பொத்தானத்தான அமுக்குன?"

"மார்கழிப் பனியில நின்னது ஆருப்பா?"

"அதுக்குத்தான் உதவின்னு போட்ருக்கனே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, அவன் இன்னொன்றும் சொன்னான்.

"போர்வண்டிக்காரன் கேமராவுல சேறுதான் இருந்துச்சு. நாந்தான் கழுவி எடுத்தேன்."

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் அவனிடம் கேட்டது ஒரே வார்த்தை. 'எடுத்தது ராக்கியண்ணன்' என்று அவன் வாயால் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் கொல்லிமலைக்குப் போனேன்.

அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் ஜெபராணி. நாசரேத் பக்கத்துக்காரர். என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். தங்கியிருந்த வீட்டு மாடியில், இரும்புத் தூண் நட்டு, தொலைநோக்கி வைத்திருந்தார். கோணல் கேலக்ஸிகளை அவரைப்போல எடுக்கிறவர் யாரும் இல்லை என்று குழுவில் பேச்சு. நேரே போய் நின்றேன்.

"எனக்குச் சொல்லிக் குடுக்கோணுமுங்க, அம்மிணி. வால்காரிய நானே எடுத்து, நானே அடுக்கி, சென்னியப்பன் படத்துக்குப் பக்கத்துல மாட்டோணும். அவன் மூஞ்சியப் பாக்கோணும்."

அவர் சென்னியப்பனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"வால் எந்தப் பக்கமா நீண்டிருக்கு, அண்ணாச்சி?"

"கிழக்காலைங்க."

"ஒரே சீரா இருக்கா?"

"இல்லீங்க. பாதியில ஒரு இடத்துல கொஞ்சம் தடிச்சுப் பொறவு மெலியுது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சனிக்கிழமை வாங்க. ஸ்வெட்டர் கொண்டு வாங்க. வெள்ளை வேட்டி ஒண்ணும் கொண்டு வாங்க."

வேட்டி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ பூசை போலிருக்கிறது என்று நினைத்துச் சலவை செய்த வேட்டியாகக் கொண்டு போனேன்.

அங்கே இன்னொருவரும் கற்றுக்கொள்ள வருவார். நாமக்கல்லில் செல்போன் கடை வைத்திருக்கும் காதர். வேட்டியைப் பார்த்துவிட்டு அவர்தான் சொன்னார்.

"அண்ணே, இது உங்களுக்கு இல்ல. தொலைநோக்கிக்கு."

விடியற்காலையில், வானம் வெளுக்கும்போது, வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துத் தொலைநோக்கியின் வாயில் கட்டினார் ஜெபராணி. அதை மேலே திருப்பிப் படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் அது வெறும் வெள்ளையாக வந்தது. உற்றுப் பார்த்தால் அங்கங்கே மங்கலாக, கறுப்பு வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஓட்டை.

"மெதுவடை மாதிரி இருக்குதுங்களே!"

"கேமரா கண்ணாடில ஒட்டியிருக்க தூசி. அதோட நிழலு இப்பிடித்தான் விழும்."

"தூசியப் போயி எதுக்குங்க போட்டா புடிக்கறது?"

"வானத்தை எடுத்த படத்துலயும் இதே நிழலு இதே இடத்துல இருக்கும். இந்த வெள்ளைப்படத்தை வச்சு அதைக் கழிச்சிரலாம். அப்புறம் வானம் மட்டும் மிஞ்சும்."

"அதுக்குத் தூசியவே துடைச்சுப் போட்டா ஆகாதுங்களா?"

நான் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. போர்வெல் வண்டியில் கல்தூசிதான் எமன். வண்டி நின்றால் துடைப்போம், கிளம்பினால் துடைப்போம். இடுப்பில் எப்போதும் ஒரு துண்டு பனியன் வேஸ்ட், எண்ணெய் துடைக்கிற கழிவுத் துணி, இருக்கும். தொழிலை விட்ட பிறகும் அது இடுப்பைவிட்டுப் போகவில்லை.

ஜெபராணி வேட்டியை அவிழ்த்து மடித்தபடியே சொன்னார்.

"போன வாரம் ஒரு அம்மா நெஞ்சு வலின்னு எக்ஸ்ரேக்கு வந்தாவ. தாலிச் சங்கிலியக் கழத்துங்கன்னு சொன்னேன். உசுரே போனாலும் கழத்த மாட்டேன்னுட்டாவ."

"பொறவு?"

"சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன். கழுத்துல எங்க கெடக்குன்னு பாத்துக்கிட்டேன். படத்துல நெஞ்சுக்கு நடுவுல ஒரு கட்டி மாதிரி விழுந்துது. இது கட்டி இல்ல, தாலின்னு ஓரத்துல எழுதி அனுப்பிட்டேன். டாக்டரு வேற எடத்துல நோயைக் கண்டுபிடிச்சாரு."

"அந்தம்மா?"

"தாலியோட வீட்டுக்குப் போனாவ."

காதர் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று அன்றைக்குத் தெரியாது.

"ஒண்ணே ஒண்ணு, அண்ணாச்சி," என்றார் ஜெபராணி. "வெள்ளைப்படம் எடுத்து முடிக்கிறவரைக்கும் கேமராவைத் தொடக்கூடாது. துடைக்கக்கூடாது. எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கணும்."

சரி என்றேன்.

அந்தப் பருவத்தை நான் மறக்க மாட்டேன். என் சொந்தத் தொலைநோக்கியையே அங்கே இன்னொரு தூணில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். இடத்துக்கு வாடகை என்று ஒரு வார்த்தை கிடையாது. குளிரில் நான் நடுங்கினால் மிளகு தட்டிப்போட்ட கட்டங்காப்பி வரும். என் விரல் தடித்தது. சின்னத் திருகுகளைத் திருகத் தெரியாது. "மெதுவா, கொழந்தை கையப் பிடிக்கிற மாதிரி" என்பார். திட்டியதே இல்லை. அடுக்குவதை எனக்கு விளங்குகிற மாதிரி, எத்தனை தடவை கேட்டாலும், முதல் தடவை சொல்வது போலவே சொன்னார். மூன்றரைக் கோடி வருடத்துக்கு முன்னால் புறப்பட்ட வெளிச்சம் என் கேமராவில் வந்து விழுகிறது என்பார். வேறு யார் மேலேயும் விழாமல் இந்த ஐந்தாவது படித்தவன் மேல் விழுகிறதே! பாவாயியிடம் போய்ச் சொல்வேன். "நல்லா இருங்க போங்க" என்பாள். அவளும் சந்தோஷப்பட்டாள். அந்த மாதங்களில் நான் வீட்டில் சென்னியப்பன் பெயரைக் குறைவாகச் சொன்னேனாம்.

கேமராவைத் தொலைநோக்கியிலிருந்து கழற்றாமல், பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வைத்து, கிடைத்த இரவெல்லாம் எடுத்தேன். போதுமான படம் சேர்ந்தது. இனி வெள்ளைப்படம் ஒன்றுதான் பாக்கி. கடைசி விடியற்காலை அது. ஜெபராணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை இருந்தது. "நீங்களே எடுத்துருவிய" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேட்டியைக் கட்டினேன். ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். திரை முழுக்க மெதுவடை. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, ஓரத்தில் நாலைந்து.

'போர்வண்டிக்காரன் கேமராவுல சேறுதான் இருந்துச்சு.'

காதுக்குள் அவன் குரல் அப்படியே கேட்டது. இந்த வெள்ளைப்படம் ஒருநாள் அவன் கைக்குப் போகும், குழுவில் எல்லோருக்கும் காட்டிச் சிரிப்பான் என்று தோன்றியது. கை தானாக இடுப்புக்குப் போனது. கேமராவைக் கழற்றினேன். பனியன் வேஸ்டால் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தேன். இருந்த குறியிலேயே திரும்ப மாட்டினேன். பிறகு வெள்ளைப்படம் எடுத்தேன். பளிச்சென்று வந்தது. சரியாகச் சொன்னால், ஒரே ஒரு வடை மட்டும் இருந்தது. துணியிலிருந்து ஒட்டிய தும்பு. அது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

படங்களைக் காதர் கடையில் உட்கார்ந்து அடுக்கினோம். கடைக்குள் செல்போன் ரிப்பேர் நடந்துகொண்டிருந்தது. வால் மெல்ல எழுந்து வந்தது. சென்னியப்பன் படத்தில் இருந்ததைவிட நீளமாக, நான் சொன்ன தடிப்போடு. எனக்குக் கண் நனைந்துவிட்டது.

"அண்ணே, அங்கங்க கறுப்பா வட்டம் இருக்கு. தூசிதான். நான் பூசி மறைச்சுடறேன்," என்றார் காதர்.

"மறைங்க, மறைங்க."

"ஆனா இதப் பாருங்க."

வால் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், வெளிச்சமாக ஒரு வளையம். மங்கலாக, ஆனால் முழு வட்டம். யார் எடுத்த படத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை.

"இதும் தூசிங்களா?"

"தூசின்னா நிழலுண்ணே. கறுப்பாத்தான் இருக்கும். இது வெளிச்சம். கறுப்பெல்லாம் தூசி, வெளுப்பு உங்க அதிர்ஷ்டம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கேலக்ஸிகள் மோதினால் வளையம் உண்டாவது உண்டு என்று ஜெபராணியே சொல்லியிருக்கிறாரே.

பொறுக்கவில்லை. குழுவின் வாட்ஸப்பில் படத்தைப் போட்டேன். காதரைவிட்டு எழுதச் சொன்னேன்: 'வால்காரிக்குப் பக்கத்தில் இதுவரை யாரும் காணாத வளையம். எடுத்ததும் அடுக்கியதும் ராக்கியண்ணன். சென்னியப்பன் படத்தில் இது கிடையாது.'

குழு முழுக்கக் கைதட்டல். கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம். அதன் அழைப்பிலேயே என் வளையத்தைப் போட்டுவிட்டார்கள். சென்னியப்பன் ஒன்றும் எழுதவில்லை. வாழ்க்கையிலேயே நான் நன்றாகத் தூங்கிய நாட்கள் அவை.

மலைக்குப் போனேன். ஜெபராணி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். படத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"பாருங்க, அம்மிணி. எல்லாம் நீங்க போட்ட பிச்சை."

அவர் பார்த்தார். வாலைப் பார்த்தபோது முகம் மலர்ந்தது. வளையத்துக்கு வந்ததும் விரலை அதன்மேல் வைத்தார். எடுக்கவில்லை.

"வெள்ளைப்படம் கொண்டு வந்திருக்கியளா?"

காட்டினேன்.

"நெம்ப சுத்தமா இருக்குதுங்களே," என்று நானே சொல்லிக்கொண்டேன்.

"ஆமா," என்றார். "நெறைய வடை இருந்துச்சே, எங்க?"

நான் பனியன் வேஸ்டை இடுப்புக்குள் செருகிக்கொண்டேன். அவர் திரும்பக் கேட்கவில்லை.

"ராத்திரி ஆரம்பிக்கும்போது சோதனைக்கு ரெண்டு மூணு படம் எடுப்பியல்லா? வேற எடத்துல, ஒண்ணும் இல்லாத எடமா பாத்து?"

"எடுத்தனுங்க. ஒவ்வொரு நாளும்."

"அதை அடுக்குங்க. இதே வெள்ளைப்படத்தைப் போட்டுக் கழிங்க."

"அதுல ஒண்ணுமே இல்லீங்களே?"

"அதான்."

அவர் சாப்பிட உட்கார்ந்தார். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். சோதனைப் படங்கள் சிம்மத்தை விட்டு வெகுதூரம் தள்ளி எடுத்தவை. இருட்டும் சில்லறை நட்சத்திரமும் தவிர எதுவும் கிடையாது. அடுக்கினேன். வெள்ளைப்படத்தைப் போட்டேன்.

ஒன்றும் இல்லாத வானத்தின் நடுவில், அதே இடத்தில், அதே அளவில், என் வளையம் நின்றது.

சமையலறையில் தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. அந்தத் தும்பு, வானத்தை எடுத்தபோது கண்ணாடியில் இல்லை. நான் துடைத்தபிறகு வந்து ஒட்டியது. அதன் நிழல் வெள்ளைப்படத்தில் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா? இல்லாத நிழலைக் கழித்தது. அங்கே வெளிச்சம் மிஞ்சியது.

ஜெபராணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தும்புங்க," என்றேன்.

"ம்."

"துடைச்சுப்போட்டனுங்க, அம்மிணி. அவன் சிரிப்பானேன்னு துடைச்சுப்போட்டேன்."

"ம்."

"அழைப்புல போட்டுட்டாங்க. ஊரே பேசுது. இப்ப தும்புன்னு சொன்னா, சேறுன்னு அவன் சொன்னது நெசம்னு ஆயிரும். சொல்லாம விட்டா ஆருக்குமே தெரியாதுங்களே?"

அவர் மேசைமேல் கிடந்த என் செல்போனை எடுத்தார். அதன் திரையில் விரல்ரேகை அப்பியிருந்தது. துடைக்காமல் அப்படியே என் கையில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

காதர் இல்லை. எனக்கு எழுத்து சரியாக வராது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன்.

'அது வளையம் இல்லை. என் துணியின் தும்பு. வெள்ளைப்படம் எடுக்கும் முன்னால் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். தப்பு என்னுடையது. காதருடையது இல்லை. ராக்கியண்ணன்.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். மாலையில் எடுத்துப் பார்த்தால் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. சென்னியப்பன் மட்டும் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும், நான் கேட்ட வார்த்தை அது இல்லை.

ஜெபராணி திரும்பி வந்ததும் கேட்டேன்.

"எடுத்ததெல்லாம் போச்சுங்களா?"

"அந்தத் தூசியை நீங்க துடைச்சிட்டிய. அதுக்கு இனி வெள்ளைப்படம் கெடைக்காது. பூசி மறைச்சதை வால்னு காட்ட முடியாதுல்லா."

"அப்ப?"

"சிம்மம் இன்னும் மேலதான் இருக்கு, அண்ணாச்சி."

கோடை மேகம் தினமும் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. கிடைத்தது சில இரவுகள்தான். நான் கீழே இறங்கவே இல்லை. பாவாயி பேருந்தில் சோறு கொடுத்தனுப்பினாள். காதர் கடையைப் பூட்டிவிட்டு வந்து என்னோடு நின்றார். "அதிர்ஷ்டம்னு சொன்னது நான்தானேண்ணே" என்றார். ஒரே பேச்சில் முடித்துக்கொண்டார். அந்த மனுஷனை நான் எப்படி மறப்பேன்?

கண்ணாடியில் தும்பு இருந்தது. அது இருப்பது எனக்குத் தெரியும். முதல் நாள் முழுக்க என் கை அதையே தேடியது. கடைசியில் இடுப்பிலிருந்த பனியன் வேஸ்டை எடுத்து ஜெபராணியிடம் கொடுத்தேன்.

"இத வச்சுக்கங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

அவர் அதைக் காப்பிச் சட்டி பிடிக்க வைத்துக்கொண்டார். அந்தத் துணி நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அப்போதுதான்.

கடைசி விடியற்காலையில் வேட்டியைக் கட்டி வெள்ளைப்படம் எடுத்தேன். மூன்று வடை இருந்தது. நடுவில் அந்தத் தும்பு. எதையும் தொடவில்லை. அடுக்கினேன். கழித்தேன். வானம் மட்டும் மிஞ்சியது. வளையம் இல்லை. வால் இருந்தது. முன்பைவிட மெலிவாக, கூர்ந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. பாதியில் அந்தத் தடிப்பு இருந்தது.

கீழே என்ன எழுதுவது என்று காதர் கேட்டார். சொல்லச் சொல்ல அவர் அடித்தார்.

படம்: ராக்கியண்ணன். கற்றுக்கொடுத்தவர்: ஜெபராணி. கூட நின்றவர்: காதர். வேட்டியும் சோறும்: பாவாயி.

"அவ்வளவுதானேண்ணே?"

கடை மாடி ஞாபகம் வந்தது. 'இதுல கண்ண வையி.'

"இன்னொரு வரி போடுங்க," என்றேன். "முதன்முதலில் வானத்தைக் காட்டியவர்: சென்னியப்பன்."

காதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். போட்டார்.

கண்காட்சிக்கு ஜெபராணியும் வந்தார். வளையம் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், தும்புங்க, தும்புங்க என்று சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. சிலர் சிரித்தார்கள். சிலர் தங்கள் தும்புக் கதைகளைச் சொன்னார்கள்.

மத்தியானமாகச் சென்னியப்பன் வந்தான். என் படத்துக்கு முன்னால் நின்றான். வெகுநேரம் வாலைப் பார்த்தான். பிறகு குனிந்து கீழே எழுதியிருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். வேட்டி நுனியால் துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டு படித்தான்.

சுற்றி நாலு பேர் நின்றார்கள். அவன் வாயைத் திறந்தான்.

"வால் நல்லா வந்திருக்குது, ராக்கியண்ணா."

"ம்."

"வெளிய பஜ்ஜி போடறாங்களாம். வாரயா?"

"இல்ல. நீ போ."

போனான்.

திரும்பும் வழியில், கொல்லிமலைப் பேருந்து வளைவு வளைவாக ஏறியது. நானும் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்ததால் ஜெபராணியோடு மலைக்கே போனேன். வீடு சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. சிம்மம் மேற்கே சரிந்து நின்றது. இன்னும் கொஞ்ச நாளில் சூரியனோடு போய்விடும். பிறகு அடுத்த பருவத்துக்குத்தான் வரும். நான் மாடியில் நின்று கும்பிட்டேன். வால்காரிக்கும் சேர்த்துத்தான்.

ஜெபராணி காப்பி கொண்டு வந்தார். சட்டியைச் சுற்றி என் பனியன் வேஸ்ட் இருந்தது.

"இந்த ஜென்மத்துல உங்களுக்கு நான் என்ன செஞ்சாலும் தீராதுங்க, அம்மிணி."

"காப்பி ஆறிருதுல்லா. குடிங்க."

குடித்தேன். தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவனுக்கு நான் பட்ட நன்றிக்கடன எழுதி மாட்டிட்டனுங்க. ஊரே படிச்சிருச்சு. அவன் எனக்குத் தர வேண்டிய வார்த்தையத் தரலீங்க. வால் நல்லா வந்திருக்குதுங்கறான், பஜ்ஜிக்குக் கூப்படறான். 'முன்னால எடுத்ததும் நீதான்'னு வாயில வரமாட்டேங்குது."

"ம்."

"இத்தன நாள் ஆச்சு. உள்ளுக்குள்ள அப்படியே ஒட்டிக்கிட்டுக் கெடக்குதுங்க. வயசும் ஆயிப்போச்சு. பேசாம துடைச்சுப் போட்டரட்டுங்களா?"

அவர் எழுந்தார். என் தொலைநோக்கியின் வாயைத் தடவிப் பார்த்தார். கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்து, இரண்டாக மடித்து, என் கையில் கொடுத்தார்.

"மொதல்ல அதுக்கும் ஒரு வெள்ளைப்படம் எடுத்து, நிழலு எங்க விழுதுன்னு பாத்துக்கோங்க, அண்ணாச்சி. அதுவரைக்கும் அதைத் தொட்டிராதிய."